வாடகைக்கு விட ஒரு சிறிய அடுக்குமாடி வீடு: கணக்கு எங்கே நிற்கிறது, எங்கே சாய்கிறது

"வாடகையே மாதத் தவணையைக் கட்டிவிடும், இருபது ஆண்டு முடிந்தால் வீடு உங்களுக்கு மிச்சம்." நகரின் நடுவே ஒற்றைப் படுக்கையறை வீடுகளை விற்பவர்கள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறார்கள். கேட்பதற்கு ஒரே செய்தி போலத் தோன்றினாலும் இந்த வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி அனுமானங்கள் அடங்கியிருக்கின்றன: வாடகை இடைவிடாமல் வரும், செலவு போக மிஞ்சும் வாடகை தவணைக்குப் போதுமானதாக இருக்கும், இருபது ஆண்டு கழித்தும் அந்தக் கட்டடம் மதிப்புள்ளதாக நிற்கும். மூன்றில் ஒன்று பொய்த்தாலும் மற்ற இரண்டும் ஆட்டம் காணும். ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்து நம்புவதற்கு முன், ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

வாங்குவது எதை?

அடுக்குமாடி வீடு வாங்குபவர் உண்மையில் மூன்று பொருள்களை ஒரே பத்திரத்தில் வாங்குகிறார்.

1. நான்கு சுவருக்கு உட்பட்ட இடத்தின் மீதான தனி உரிமை.

2. நிலத்திலும், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடி, குழாய்கள், அஸ்திவாரம் போன்ற பொதுப் பகுதிகளிலும் ஒரு பிரிக்கப்படாத பங்கு.

3. மற்ற வீட்டுக்காரர்களோடு சேர்ந்து கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையாளர் சங்கத்தில் ஓர் உறுப்பினர் இடம்; அதனுடன் ஒட்டிவரும் கட்டணக் கடமை.

இந்த அமைப்பு மிகப் பழையதன்று. ஆங்கிலச் சட்ட மரபு வழங்கும் நாடுகளில், ஆகாயத்தில் நிற்கும் ஓர் அறைக்குத் தனிப்பட்டா தரும் சட்டங்கள் 1960-களை ஒட்டித்தான் பரவலாயின. அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 1960-லும், ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961-லும் இதற்கெனச் சட்டம் இயற்றின. ஒரு நாட்டில் காண்டோமினியம் என்றும் இன்னொன்றில் ஸ்டிராட்டா என்றும் பெயர் மாறினாலும், தனி உரிமையும் கூட்டுக் கடமையும் பின்னிக்கிடக்கும் அடிப்படை ஒன்றே.

முதலீட்டு நோக்கில் இதன் விளைவு பெரிது. கட்டடம் நாளாக ஆகத் தேயும் பொருள். நீண்ட காலத்தில் மதிப்பு ஏறுவது பெரும்பாலும் அதன் அடியில் இருக்கும் நிலம்தான். நாற்பது மாடிக் கோபுரத்தில் இருக்கும் ஒரு சிறிய வீட்டுக்குக் கிடைக்கும் நிலப்பங்கு சில சதுர அடிகளாகவே இருக்கக்கூடும். அதே தொகைக்கு நகரின் ஓரத்தில் ஒரு தனிவீடு வாங்குபவர், விலையில் கணிசமான பகுதியை நிலத்துக்குத் தருகிறார்; சிறிய அடுக்குமாடி வீடு வாங்குபவரோ பெரும்பகுதியைத் தேயும் பொருளுக்குத் தருகிறார். இது வாங்கக் கூடாது என்பதற்கான காரணம் ஆகாது. ஆனால் "நிலம் என்றைக்கும் ஏறும்" என்ற நம்பிக்கையை இந்த வீட்டின் மீது அப்படியே ஏற்றிவைக்க முடியாது என்பதற்கு இது போதுமான காரணம்.

மொத்த வருவாய், நிகர வருவாய்

விளம்பரங்களில் வரும் சதவீதம் மொத்த வருவாய் விகிதம்: ஓர் ஆண்டு வாடகையை வீட்டின் விலையால் வகுத்தால் கிடைப்பது. கைக்கு வருவது நிகர வருவாய்: செலவெல்லாம் போக மிஞ்சியதை, பத்திரச் செலவு உட்பட உண்மையில் போட்ட மொத்தத் தொகையால் வகுத்தால் கிடைப்பது. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காண ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எந்த நாட்டு நாணயத்துக்கும் பொருந்தும்படி வீட்டின் விலையை 1,000 அலகு என்று கொள்வோம். வாசகர் தம் ஊர் எண்களை அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

விலை 1,000. முத்திரைத்தாள் கட்டணம், பதிவு, வழக்கறிஞர், தரகு எல்லாம் சேர்ந்து 70. ஆக, போட்டது 1,070. மாத வாடகை 4, ஆண்டுக்கு 48. மொத்த வருவாய் 4.8 சதவீதம். இந்த எண்தான் விளம்பரத்தில் வரும். இனிக் கழிக்க வேண்டியவை:

1. ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடப்பதாகக் கொண்டால் 4. மிஞ்சும் வாடகை 44.

2. சங்கத்துக்குச் செலுத்தும் மாதப் பராமரிப்புக் கட்டணம், மாதம் 0.7 வீதம் ஆண்டுக்கு 8.4. வீடு காலியாகக் கிடக்கும் மாதத்திலும் இதைச் செலுத்தியாக வேண்டும்.

3. சொத்து வரி 2.5, காப்பீடு 0.6.

4. வீட்டுக்குள் பழுது, வண்ணப்பூச்சு, சாதனங்கள் மாற்றுவது: 3.

5. குடித்தனக்காரரைத் தேடித்தரும் தரகு அல்லது நிர்வாகக் கட்டணம்: 2.5.

6. கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்காக நாமே ஒதுக்கிவைக்க வேண்டிய தொகை: 2.

ஒன்றாம் எண் நீங்கலாகக் கழிவுகளின் கூட்டுத்தொகை 19. கையில் நிற்பது 25. அதை 1,070-ஆல் வகுத்தால் 2.3 சதவீதம். 4.8 என்று தொடங்கியது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வாடகை வருமானத்தின் மீதான வரியை இன்னும் தொடவே இல்லை. இங்குக் காட்டிய செலவுகளில் எதுவும் அசாதாரணமானதன்று. ஒருவருடைய எண்கள் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் நான்காவதையும் ஆறாவதையும் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு கணக்குப் போடுபவர், செலவைத் தவிர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறார்.

சிறிய வீட்டில் இந்தச் சுருக்கம் கூடுதலாகத் தெரியும். சதுர அடிக்கு வாடகை என்று பார்த்தால் சிறிய வீடு பெரிய வீட்டைவிட அதிகமாகவே தரும், இது உண்மை. ஆயினும் பல செலவுகள் சதுர அடியைப் பார்த்து வருவதில்லை. ஒரு சமையலறை, ஒரு குளியலறை, ஒரு வாட்டர் ஹீட்டர், ஒரு கதவுப்பூட்டு என்பவை சிறிய வீட்டுக்கும் உண்டு, பெரிய வீட்டுக்கும் உண்டு. தவிர, ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வருவோர் பெரும்பாலும் மாணவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், புதுமணத் தம்பதியர். இவர்களுடைய வாழ்க்கை விரைந்து மாறும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை உடைய குடும்பம் போல ஒரே வீட்டில் எட்டு, பத்து ஆண்டு தங்கமாட்டார்கள்.

காலி செய்த மறுநாள் அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் செலவின் உருவம் தெரியும். கட்டில் உரசிய சுவரில் நீளமான கறுப்புத் தடம். குளியலறைக் கதவின் அடிப்பலகை நீரில் ஊறி உப்பியிருக்கிறது. சமையல் மேடைக்குக் கீழே குழாய் மெல்லச் சொட்டி அலமாரிக்குள் பூஞ்சை வாடை. இரண்டு சாவியில் ஒன்று இல்லை. எதுவும் பெரிய சேதமில்லை. யாரையும் குறை சொல்லவும் இடமில்லை. ஆனால் பெயின்டர் ஒரு நாள், தச்சர் ஒரு நாள், பிளம்பர் ஒரு நாள், பிறகு தரகர் ஆள் கூட்டிவந்து காட்டும் இரண்டு வாரம் என்று ஒரு மாதம் கரைந்துவிடும். ஈராண்டுக்கு ஒருமுறை இது நடந்தால் ஒரு கணக்கு. ஆண்டுதோறும் நடந்தால் வேறு கணக்கு.

கடன் சேரும்போது

இதே வீட்டை 700 அலகு கடனில், 7 சதவீத வட்டிக்கு, 20 ஆண்டுத் தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். விலையில் கையிலிருந்து தருவது 300, பத்திரச் செலவு 70, ஆகக் கைமுதல் 370. மாதத் தவணை 5.43 வரும். ஆண்டுக்கு 65. நிகர வாடகை 25. எஞ்சிய 40 அலகை உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் தம் சம்பளத்திலிருந்து போட வேண்டும். வாடகை ஏறாமல் இதே நிலை நீடித்தால், ஒன்பது ஆண்டுகளை ஒட்டி, முதலில் போட்ட கைமுதலுக்கு ஈடான இன்னொரு தொகையை அவர் போட்டிருப்பார்.

"தவணையில் ஒரு பகுதி அசலுக்குத்தானே போகிறது, அது சேமிப்புதானே?" என்ற கேள்வி நியாயமானது. எனவே அசலை விலக்கிவிட்டு வட்டியை மட்டும் பார்ப்போம். முதல் ஆண்டில் கட்டும் 65-இல் ஏறத்தாழ 48.5 வட்டி, 16.5 அளவுதான் அசல். நிகர வாடகை 25, வட்டி 48.5. வட்டிக்கே பாதிதான் வாடகை வருகிறது. சொத்து ஈட்டும் விகிதம் 2.3, கடன் கேட்கும் விகிதம் 7. இந்நிலையில் கடன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நட்டமும் கூடும். சொத்தின் நிகர வருவாய் விகிதம் கடன் வட்டியைவிட அதிகமாக இருக்கும்போது மட்டுமே கடன் லாபத்தைப் பெருக்கும். வாடகையே தவணையைக் கட்டும் என்ற வாக்கியம் உண்மையாக வேண்டுமானால் நிறைவேற வேண்டிய நிபந்தனை இதைவிடவும் கடினமானது. ஏனெனில் தவணை வட்டியோடு நிற்பதில்லை.

இந்தப் பள்ளத்தை விலை ஏற்றம் நிரப்ப வேண்டும். எவ்வளவு ஏற வேண்டும் என்பதையும் கணக்கிடலாம்.

1. வட்டிக்கும் வாடகைக்கும் உள்ள பள்ளம் 23.5. இதை மட்டும் ஈடுகட்ட, விலை ஆண்டுக்கு 2.35 சதவீதம் ஏற வேண்டும்.

2. கைமுதல் 370 வங்கி வைப்பில் 6 சதவீதத்துக்குக் கிடந்திருந்தால் 22 கிடைத்திருக்கும். அந்த இழப்பையும் சேர்த்தால் தேவைப்படும் ஏற்றம் சுமார் 4.6 சதவீதம்.

3. வாங்கும்போது ஆன 70, விற்கும்போது ஆகும் சுமார் 30, ஆக 100 அலகை ஏழாண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு மேலும் 1.4 சதவீதம்.

ஆக, ஏழாண்டில் விற்க நினைப்பவருக்கு ஆண்டுக்கு 6 சதவீத அளவில் விலை ஏறினால்தான், எந்த அலைச்சலும் இல்லாமல் வைப்புநிதி தந்திருக்கக்கூடிய இடத்துக்கே அவர் வந்துசேர்கிறார். இது முதல் ஆண்டின் கணக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும்: பின்னர் வாடகை ஏறும், அசல் குறையக் குறைய வட்டிச் சுமை இறங்கும், எனவே தேவையான ஏற்றமும் மெல்லக் குறையும். ஆனால் மாறும் வட்டிக் கடன் எதிர்த்திசையிலும் இழுக்கும். வட்டி 7-லிருந்து 8.5 ஆனால் இதே கடனின் தவணை 5.43-லிருந்து 6.07 ஆகும், வாடகை அதற்காக ஒரு காசும் ஏறாது. விலை 10 சதவீதம் இறங்கினாலோ, போவது 100 அலகு. அதாவது கைமுதலில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

கட்டடத்தின் கணக்கேடு

வாங்குபவர்கள் வீட்டை நன்றாகத்தான் பார்க்கிறார்கள். ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்றும், குழாயைத் திருகி நீரழுத்தம் எப்படி என்றும் பார்க்கிறார்கள். கட்டடத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. சங்கத்தின் கணக்கேட்டையும் கூட்டக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் படிப்பவர் மிகச் சிலர். இந்த முடிவில் கவனம் மிக அதிகமாகத் தேவைப்படும் இடமும், மிகக் குறைவாகக் கிடைக்கும் இடமும் இதுவே.

காரணம் எளியது. லிஃப்ட், நீரேற்றும் மோட்டார், மொட்டைமாடியின் நீர்க்காப்பு, வெளிச்சுவர், கழிவுநீர்க் குழாய் இவற்றுக்கெல்லாம் ஆயுள் உண்டு. இருபது, முப்பது ஆண்டில் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் மாற்றத்துக்கு வரும். அதற்காகச் சங்கம் மாதாமாதம் சேர்த்துவைப்பது சேமநிதி. சிங்கிங் ஃபண்ட் என்று பலர் வழங்குவதும் இதுவே. சேமநிதி போதாதபோது, ஒவ்வொரு வீட்டின் மீதும் ஒரே நேரத்தில் விதிக்கப்படுவது சிறப்பு வசூல். மாதக் கட்டணம் குறைவு என்பதை வாங்குபவர்கள் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அதன் பொருள், சேமநிதிக்கு எதுவும் போகவில்லை என்பதுதான்.

இதன் கொடுமையான எல்லையை உலகம் 2021 ஜூன் 24 அன்று பார்த்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமியை அடுத்த சர்ஃப்சைட் என்ற கடலோர நகரில், 1981-இல் கட்டப்பட்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி நள்ளிரவு தாண்டிய வேளையில் இடிந்து விழுந்து 98 பேர் உயிரிழந்தனர். நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு செயலிழந்து கீழேயுள்ள கான்கிரீட் சேதமடைந்திருப்பதைப் பொறியாளர் அறிக்கை 2018-லேயே சுட்டிக்காட்டியிருந்தது. பழுதுபார்க்கும் செலவைப் பகிர்வது குறித்து உரிமையாளர்களிடையே நீண்ட இழுபறி நடந்தது. இறுதியில் 2021-இல் சுமார் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்குச் சங்கம் ஒப்புதல் தந்தது. ஒரு படுக்கையறை வீட்டின் பங்கே 80,000 டாலரைத் தாண்டியது. பெரிய வேலை தொடங்குமுன் கட்டடம் விழுந்தது. அதன்பின் 2022-இல் ஃபுளோரிடா, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்குக் கட்டமைப்புச் சேமநிதி ஆய்வைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கட்டடங்களில் மாதக் கட்டணமும் சிறப்பு வசூலும் ஏறின. அத்தனை ஆண்டுகள் சேர்க்காமல் விட்டதன் பாரம், கடைசியாக வாங்கியவர் தலையில் இறங்கியது.

லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் தீவிபத்தில் 72 பேர் இறந்தபின் வேறொரு வகையில் இதே பாடம் வெளிப்பட்டது. வெளிச்சுவர்ப் பூச்சுத் தகடுகள் தீப்பிடிக்காதவை என்ற சான்று இல்லாத கட்டடங்களில் உள்ள வீடுகளுக்குப் பிரிட்டனில் பல வங்கிகள் கடன் தர மறுத்தன. தம் வீட்டுக்குள் எந்தக் குறையும் இல்லாத உரிமையாளர்கள், வெளிச்சுவரின் காரணமாக ஆண்டுக்கணக்கில் விற்க முடியாமல் தவித்தார்கள்.

முன்பணம் தருமுன் கேட்டுப் பெற வேண்டியவை இவை:

1. கடைசி மூன்று ஆண்டுகளின் சங்க வரவு செலவுக் கணக்கும், சேமநிதியின் இன்றைய இருப்பும்.

2. அதே காலத்தின் கூட்டக் குறிப்புகள். "லிஃப்ட் கம்பிவடம் மாற்றுவது குறித்து அடுத்த கூட்டத்தில் பேசப்படும்" என்ற வரி மூன்று கூட்டங்களில் தொடர்ந்து வந்தால், அந்தச் செலவு இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்று பொருள்.

3. கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்ணிக்கை. பாக்கி பெருகினால் ஒழுங்காகச் செலுத்துவோர் மீது சுமை ஏறும்.

4. வாடகைக்கு விடுவதற்குச் சங்க விதிகளில் ஏதேனும் வரம்பு உண்டா என்பது. சில சங்கங்கள் குறுகிய கால வாடகையை முற்றிலும் தடைசெய்கின்றன.

5. நடக்கும் வழக்குகள், கட்டுநருக்கு எதிரான வழக்கு உட்பட.

இவற்றைத் தர விற்பவர் தயங்கினால், தயக்கமே ஒரு தகவல்.

விதி மாறினால்

குறுகிய கால வாடகையை நம்பிப் போடும் கணக்கு மிக எளிதில் உடையும். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுவோர் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினரோடு அதே வீட்டில் தாமும் இருக்க வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. பார்சிலோனா நகரம், பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024-இல் அறிவித்தது. நீண்ட கால வாடகையிலும் அரசு தலையிடும்: பெர்லின் 2020-இல் வாடகையை உறையவைத்தது, 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. நகரங்களில் குடியிருப்போரில் வாடகைதாரர் பெரும் எண்ணிக்கையினர், அவர்களுக்கும் வாக்கு உண்டு. எனவே இத்தகைய விதிகளை விபத்து என்று கருதாமல், தொழிலின் இயல்பான இடர் என்றே கொள்ள வேண்டும். சாதாரண நீண்ட கால வாடகையில் நிற்காத கணக்கை, சுற்றுலாப் பயணிகளின் வாடகையால் நிறுத்திவைப்பது சரியன்று.

விற்கும் நாள்

பங்குகளை ஒரே நாளில், வேண்டிய அளவு மட்டும் விற்கலாம். வீட்டின் ஒரு மூலையை மட்டும் விற்க முடியாது. பணம் அவசரமாகத் தேவைப்படும் காலம் பெரும்பாலும் எல்லோருக்கும் தேவைப்படும் காலமாகவே இருக்கும். அப்போது ஒரே கட்டடத்தில், ஒரே அளவில், ஒரே வரைபடத்தில் கட்டிய பத்து வீடுகள் ஒன்றாக விற்பனைக்கு வரும். அவற்றில் மிகவும் நெருக்கடியில் இருப்பவர் எந்த விலைக்கு இறங்குகிறாரோ அதுவே மற்ற ஒன்பதுக்கும் விலையாகிவிடும். முதலீட்டாளர்களே நிறைந்த கட்டடத்தில் இது இன்னும் கூர்மையாக நிகழும். தாமே குடியிருப்பவர்கள் அதிகமுள்ள கட்டடம் இந்த வகையில் பாதுகாப்பானது. மிகச் சிறிய வீடுகளுக்கு, உதாரணமாக 30 அல்லது 40 சதுர மீட்டருக்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு, சில வங்கிகள் கடன் தருவதில்லை அல்லது குறைவாகவே தருகின்றன. கடன் கிடைக்காத வீட்டை வாங்க முழுப் பணம் வைத்திருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். அவர்கள் எப்போதும் விலையைக் குறைத்தே கேட்பார்கள்.

நகரம் பெரியது, மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஆகவே விலை இறங்காது என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட நில விலை, நாடு தழுவிய சராசரியில் ஏறத்தாழ 15 ஆண்டு தொடர்ந்து இறங்கியது. டோக்கியோ அப்போதும் உலகின் மிகப் பெரிய நகரமாகவே இருந்தது.

தரக்கூடிய விலை எது?

மேற்கண்டவற்றையெல்லாம் ஒரே கேள்வியாக மாற்றலாம்: விலை ஏற்றத்தை ஒரு காசும் நம்பாமல், வாடகைக்காக மட்டும் இந்த வீட்டுக்கு எவ்வளவு தரலாம்? நம் மாதிரி வீட்டின் நிகர வாடகை 25. வங்கி வைப்பு 6 சதவீதம் தருகிறது. வாடகை ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் 4 சதவீத நிகர வருவாய் கிடைத்தாலே போதும். 25-ஐ 4 சதவீதத்தால் வகுத்தால் 625. பத்திரச் செலவு உட்பட அதுதான் வாடகை தாங்கும் தொகை. கேட்கப்படுவது 1,070.

இடையிலுள்ள 445 அலகு எதற்காகத் தரப்படுகிறது என்பதற்கு வாங்குபவரிடம் பதில் இருக்க வேண்டும். சில ஆண்டுகளில் தாமே குடியேறப் போகிறார், அல்லது பிள்ளைக்குத் தேவைப்படும் என்றால் அது ஒரு பதில். அப்போது இது முழு முதலீடாக இல்லாமல், பாதி குடியிருப்புத் தேவையாகிறது. புதிய ரயில் பாதை கட்டி முடியும் நிலையில் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் இனிப் புதிய கோபுரங்கள் எழ இடமே இல்லை என்றால் அதுவும் ஓரளவு பதில்தான். கடனில்லாமல் வாங்குபவர், அவருடைய மொத்தச் சேமிப்பில் இது ஒரு சிறு பகுதி, மாதச் செலவுக்கு இதை எதிர்பார்க்கவில்லை என்றால், பள்ளத்தைத் தாங்கும் வலு அவருக்கு உண்டு. இவை எதுவும் இல்லாமல், சேமிப்பு முழுவதையும் கைமுதலாக்கி, மாதம் 3 அலகுக்கு மேல் சம்பளத்திலிருந்து போட்டு, விலை ஏறும் என்பதை மட்டும் நம்பி வாங்குபவர், 445 அலகை ஓர் எதிர்பார்ப்புக்காகத் தருகிறார். அதில் பெரும்பகுதி கடன் வாங்கிய பணம்.